பார்க்காமல் எழுதிய ஆறு அவுன்ஸ்

முதலில் நான் பார்த்தது எறும்புகளைத்தான். பெண்கள் வார்டில் கோடிக் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல். அதன் கட்டையை அன்று காலையில்தான் ஈரத்துணியால் துடைத்திருந்தேன். பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தால் ஒரு வரிசை ஊர்ந்துகொண்டிருக்கிறது. வெளிச்சுவரிலிருந்து ஏறி வந்து, கட்டையின் ஓரத்தைத் தொட்டுவிட்டு, மறுபடி வெளியே இறங்கின. தலையை நீட்டிப் பார்த்தேன். சுவரில் வெள்ளையாக ஒரு தாரை காய்ந்து கிடந்தது. அதன் மேல் இன்னும் முழுக்கக் காயாத இன்னொரு தாரை.

பாப்பா, இந்தக் கடிதத்தை நீ படிக்கும்போது உனக்கு என் வயது ஆகியிருக்க வேண்டும். எனக்கு இப்போது பத்தொன்பது. நேற்று உன்னை மதுரைக்கு ரயில் ஏற்றிவிட்டார்கள். உனக்கு நாலு வயது. அங்கே உன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களோ தெரியாது. நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிட்டோம். உன் பெரியம்மாவை நீ அம்மா என்று கூப்பிடுவாய். அது சரிதான். இந்தக் கடிதம் என் தகரப் பெட்டியில் இருக்கும். பெற்றவள் ஏன் என்னைக் கொடுத்தாள் என்று கேட்டுக்கொண்டு நீ ஒரு நாள் வந்தால், எனக்குப் பேச வராது. எனக்கு எப்போதுமே பேச வராது. அதனால் எழுதி வைக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் அழவில்லை. இதை எழுதும்போதும் அழுகை வரவில்லை. வார்டில் சில பேருக்கு ஊசி போட்ட இடம் மரத்துப்போகும். தொட்டால் யாரோ வேறொருவரின் தோலைத் தொடுவது போல இருக்கிறது என்பார்கள். எனக்கு உன் அப்பா போன நாளிலிருந்தே அப்படித்தான்.

உன் அப்பாவைப் பற்றி உனக்கு யாரும் அதிகம் சொல்லியிருக்க மாட்டார்கள். எங்களுக்கு உறையூரில் தறி வீடு. கூடத்தில் பாதி இடத்தைத் தறியே அடைத்துக்கொண்டிருக்கும். மிதிக்கட்டைகளுக்காகத் தரையில் இடுப்பளவு குழி வெட்டியிருப்பார்கள். அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துதான் நெய்ய வேண்டும். உன் அப்பா நன்றாக நெய்வார். எனக்குப் பதினாலு வயதில் கல்யாணம், பதினைந்தில் நீ. உனக்கு ஒன்பது மாதம் ஆனபோது அவருக்கு ஜுரம் வந்தது. தறிக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுக்க வைத்தோம். நான் கஞ்சி கரைத்துக் கொண்டுபோய் பாய் ஓரத்தில் வைப்பேன். வைத்துவிட்டு உடனே வந்துவிடுவேன். புருஷன் சாப்பிடுவதைச் சின்னப் பெண் நின்று பார்ப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. பகலில் அந்தப் பக்கம் அதிக நேரம் நின்றாலே உன் அத்தைப்பாட்டிகள், "என்னம்மா, தறியையா பார்க்குறே?" என்று சிரிப்பார்கள். அரை மணி கழித்துப் போனால் கிண்ணம் காலியாக இருக்கும். என் மாமியார் கேட்பார்கள், "குடிச்சானா?" நான் சொல்வேன், "குடிச்சாங்க அத்தை."

பதினோராம் நாள் அவர் போய்விட்டார். கருமாதி முடிந்து, தறியை மறுபடி ஓட்டுவதற்காக உன் பெரியப்பா குழிக்குள் இறங்கினார். இறங்கிய வேகத்தில் மேலே ஏறிவிட்டார். குழி முழுக்கப் புளித்த கஞ்சி நாற்றம். மிதிக்கட்டையெல்லாம் எறும்பு. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு விழுங்க முடியவில்லை போலிருக்கிறது. தன் அம்மா மனசு கஷ்டப்படுமே என்று படுத்தபடியே குழியில் ஊற்றியிருக்கிறார். கஞ்சி குடித்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. குடிக்கவில்லை என்று தெரிந்திருந்தால் டாக்டரிடம் காட்டியிருப்பார்களோ என்னவோ. அவர் குடிக்கிறார் என்று நான் சொன்னதால்தான், தேறிவருகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகு என்னை வெள்ளைப் புடவை கட்டச் சொன்னார்கள். தெருவில் வேத வசனம் படிக்க வரும் ஒரு அம்மாள், மிஷன் ஆஸ்பத்திரியில் பெண்களை நர்ஸ் வேலைக்குப் பழக்குகிறார்கள், சாப்பாடும் இடமும் உண்டு என்று சொன்னார்கள். அங்கேயும் வெள்ளைப் புடவைதான். அங்கே யாரும் ஏன் வெள்ளை என்று கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். போகிறேன் என்றேன். வீட்டில் பெரிய சண்டை. கடைசியில் உன் பெரியம்மாதான் உன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் சொன்னார்கள்:

"போகட்டும். மூணு வருஷம் புள்ளையை நான் வளர்க்கறேன். மூணாம் வருஷம் தை பொறந்து சர்டிபிகேட்டோட வந்தா தூக்கிக்கிட்டுப் போகட்டும், நான் குறுக்கே நிக்க மாட்டேன். வரலைன்னா அப்புறம் என்கிட்ட புள்ளையைக் கேக்கப்படாது. குடுக்கறதும் வாங்கறதுமா பிச்சுப் பிச்சு என்னால வளர்க்க முடியாது."

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவர்கள் சொன்னது நியாயம்தான். நான் தலையாட்டினேன். பயிற்சி முடியும்வரை ஹாஸ்டலில் குழந்தையை வைத்துக்கொள்ள முடியாது. முடித்துவிட்டால் ஒரு அறை கொடுப்பார்கள், பக்கத்தில் பள்ளிக்கூடமும் இருந்தது. அந்த அறைகளுக்கு நீலக் கதவு. துணி காயப்போடப் போகும்போதெல்லாம் அவற்றை எண்ணுவேன். ஏழு கதவு.

ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு மூன்று நாள் தியரி கிளாஸ். படுக்கை விரிப்பதும் கட்டுப் போடுவதும் கையால் கற்றுக்கொள்ளும் வேலை. அதை ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதுதான் தியரி. நோட்டில் எழுதச் சொல்லி வாசிப்பார்கள். என் கை மெதுவாகத்தான் போகும். பாதி வாக்கியம் தப்பிவிடும். பக்கத்தில் ஞானம் என்ற பெண் உட்காருவாள், பாலக்கரைக்காரி. அவள் நோட்டைப் பார்த்துப் பிறகு நிரப்பிக்கொள்வேன். "உன் நோட்டு பல்லு விழுந்த கிழவி மாதிரி இருக்குடி" என்பாள். எனக்கு மூன்று விஷயங்கள்தான் நன்றாகப் பிடிபட்டன. உடம்பு தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளப் பார்க்கிறது; காற்றும் வெளிச்சமும் ஆகாரமும் தூக்கமும் அதற்குத் தடையில்லாமல் கிடைக்கும்படி செய்வதுதான் நம் வேலை. கட்டிலில் கிடப்பது வியாதி இல்லை, ஒரு வீட்டிலிருந்து வந்த மனுஷி. அவள் வழக்கத்தை மதிக்க வேண்டும். மூன்றாவது, பார்த்தது வேறு, நினைத்தது வேறு. நோட்டில் நடுவே கோடு போட்டு ஒரு பக்கம் கண்டது, ஒரு பக்கம் கருதியது என்று எழுதிப் பழக வேண்டும். 'நோயாளி நன்றாகத் தூங்கினாள்' என்று எழுதக் கூடாது. 'இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் பார்த்தேன், கண் மூடியிருந்தது' என்று எழுத வேண்டும். பரீட்சையில் இதற்கு எனக்கு நல்ல மார்க்கு. கோடும் நேராகப் போட்டிருந்தேன்.

அந்த மூன்று விஷயங்களில் இரண்டு ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் எதை விடுவது என்று நோட்டில் இல்லை. இருந்து, நான் எழுதாமல் விட்டேனோ என்னவோ.

கோடிக் கட்டிலில் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமி வந்து சேர்ந்தார்கள். கோயில் கைங்கரியக் குடும்பம். நாற்பது வயது இருக்கும். விஷ ஜுரம், இரண்டாவது வாரம். வீட்டுக்காரர் தினமும் விடியற்காலையில் குளித்துவிட்டு, ஒரு வெள்ளிச் சொம்பில் காவேரித் தீர்த்தம் எடுத்துக்கொண்டு, ஜட்கா வண்டியில் பாலம் தாண்டி வருவார். சொம்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார். அந்த மாமிக்குப் பகலில் ஆறு வேளை, வேளைக்கு ஆறு அவுன்ஸ் பார்லித் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. சர்க்கரை போட்ட பார்லி. அது என் பொறுப்பு.

முதல் வேளை டம்ளரை நீட்டியதும் மாமி வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்கள். "கொழந்தே, தப்பா நினைச்சுக்காதே. எங்களவா பிறத்தியார் பார்க்கச் சாப்பிடறதில்லே. திருஷ்டி. அந்தத் திரையை இழுத்து விட்டுட்டுப் போறியா?" எனக்கு அது புரியாத விஷயமே இல்லை. நான் வளர்ந்ததே அப்படித்தானே. அந்த மாமி பெரிய இடத்து மனுஷி, என்னைக் கொழந்தே என்று கூப்பிட்டார்கள், அதுவும் இருந்தது. நான் திரையை இழுத்துவிட்டு நகர்ந்தேன். திரும்பி வந்தபோது டம்ளர் காலி. சார்ட்டில் ஆறு அவுன்ஸ் என்று எழுதினேன். மூன்று நாளும் அப்படித்தான். ஒவ்வொரு வேளையும் திரை, காலி டம்ளர், ஆறு அவுன்ஸ். பதினெட்டு தடவை எழுதினேன். என் எழுத்து அழகாக இருக்கிறது என்று தலைமை நர்ஸான மேட்ரன் ஒரு தடவை சொன்னார்கள்.

நாலாம் நாள் காலையில்தான் எறும்புகள்.

நான் ஜன்னலருகிலேயே நின்றுவிட்டேன். மாமி விழித்துக்கொண்டு பார்த்தார்கள். நாக்கு வறண்டு பழுப்பாக இருந்தது. மூன்று நாளாக நான் அந்த நாக்கைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "மாமி, பார்லியை நீங்க குடிக்கலையா?" என்று கேட்டேன். ஒரு நோயாளியிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

அவர்கள் லேசாகச் சிரித்தார்கள். "யார் காய்ச்சினதோ, எந்தப் பாத்திரமோ. எனக்குத் தீர்த்தம் போறும்டிம்மா. குடிக்கலேன்னு சொன்னா உன்னைன்னா வைவா? நான் வந்த அன்னிக்கே பக்கத்துக் கட்டில்காரி குடிக்கலேன்னு ஒரு பொண்ணு திட்டு வாங்கினாளே, பார்த்தேன். நீ பாவம், வாயே திறக்கமாட்டேங்கறே. அதான் ஜன்னல் வழியா விட்டுட்டேன். டம்ளர் காலியா இருந்தா உனக்கு ஒண்ணும் இல்லையோன்னோ?"

என்மேல் இரக்கப்பட்டுத்தான் கொட்டியிருக்கிறார்கள். உன் அப்பா அவர் அம்மாவுக்காகக் கொட்டியது போல.

நான் பதில் சொல்வதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டார்கள். சார்ட்டைக் கையில் எடுத்து, என் எண்களை விரலால் தொட்டுக்கொண்டே போனார்கள். மேட்ரனிடம் சொன்னார்கள்: "மூணு நாளா இவ்வளவு குடிக்கிறாங்க. நீர் இறங்கவே இல்லை. சிறுநீரகம் கெட்டுக்கிட்டு வருது. இன்னிக்கு மத்தியானத்திலேருந்து குடிக்கக் கொடுக்கிறதைப் பாதியாக் குறைச்சிடுங்க." எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்கள். நான் தட்டோடு கட்டிலின் கால்மாட்டில்தான் நின்றுகொண்டிருந்தேன். சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை.

பாத்திரம் கழுவும் இடத்தில் ஞானத்திடம் சொன்னேன். அவள் குழாயை மூடிவிட்டு வெளியே எட்டிப் பார்த்தாள்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லை."

"சொல்லாதே. பார்க்காம சார்ட்டு எழுதினா என்ன பண்ணுவாங்கன்னு தெரியும்ல? போன வருஷம் ஒருத்தியைத் துரத்தியே விட்டாங்க. தைக்கு இன்னும் மூணே மாசம். உன் புள்ளை ஏழு நீலக் கதவுல ஒண்ணுக்குள்ள விளையாடணுமா வேணாமா?"

"பாதியாக் குறைக்கச் சொல்லிட்டாங்க ஞானம்."

"குறைக்கட்டும். நீ பக்கத்துல உட்கார்ந்து அந்தப் பாதியைக் குடிக்க வை. இப்பக் குடிக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல்தானே? சைபருக்குப் பாதி பெரிசுடி."

அவள் கெட்டவள் இல்லை. அவள் சொன்னது கணக்காகவும் சரிதான். நான் ஒரு டம்ளரைத் துடைத்துக்கொண்டே அதை நினைத்துப் பார்த்தேன். வறண்டு கிடக்கும் உடம்புக்குப் பாதித் தண்ணீர் போதுமா என்று எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவுக்குத் தெரியும். ஆனால் அவர்கள் பார்ப்பது அந்த மாமியை இல்லை. நான் எழுதி வைத்த ஒரு மாமியை. நன்றாகக் குடிக்கிற, சிறுநீரகம் கெட்ட ஒரு மாமியை. அப்படி ஒருத்தி அந்தக் கட்டிலில் இல்லவே இல்லை. உறையூரில் நான் 'குடிச்சாங்க அத்தை' என்று சொன்னபோதும் அப்படித்தான். பாயில் கிடந்தவர் வேறு, என் மாமியார் நினைத்துக்கொண்டிருந்த மகன் வேறு. இதையெல்லாம் இப்போது இவ்வளவு தெளிவாக எழுதுகிறேன். அன்றைக்கு எனக்குத் தோன்றியது எறும்பு மட்டும்தான்.

உன்னையும் நினைத்தேன். நினைக்கவில்லை என்று எழுதினால் அது பொய். உன்னை முழுக்க நினைத்துவிட்டுத்தான் போனேன்.

சார்ட்டை எடுத்தேன். பதினெட்டு எண்களின் மேலும் ஒரே கோடு இழுத்தேன். அவை கீழே தெரியும்படிதான் இழுத்தேன். அழிக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் நடந்ததை இங்கிலீஷில் எழுத எனக்குத் தெரியவில்லை. தமிழில் எழுதினேன். 'குடித்ததை நான் பார்க்கவில்லை. காலி டம்ளரை மட்டும் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்லி கொட்டிய தாரை இருக்கிறது.' கீழே என் பெயர். அதை மேட்ரனின் மேஜையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

மேட்ரன் படித்தார்கள். எழுந்து போய் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு வந்தார்கள். "ஒரு தடவையாவது பார்த்தாயா?" என்று கேட்டார்கள். "இல்லை மேடம்." "சரி." டாக்டரம்மாவைக் கூப்பிட ஆள் போனது. பழைய உத்தரவை அடித்துவிட்டுப் புதிது எழுதினார்கள். அன்று மத்தியானம் மாமியின் வீட்டுக்காரரை வரவழைத்து, வராந்தாவில் குமுட்டி அடுப்பு வைத்து, அவர் கொண்டுவந்த தீர்த்தத்தில், அவர் கையாலேயே பார்லி காய்ச்சச் சொன்னார்கள். பாவம், அவருக்கு அடுப்பு ஊதிப் பழக்கமில்லை. பஞ்சகச்சம் முழுக்கச் சாம்பல். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு போய், திரையை இழுத்துவிட்டு, உள்ளேயே ஸ்டூலில் உட்கார்ந்தேன். "மன்னிச்சுக்கணும் மாமி. நான் பார்க்கணும்" என்றேன். மாமி என்னைப் பார்த்தார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள். "பெருமாள் பார்க்கறார். நீயும் பார்த்துக்கோ, போ" என்று சொல்லிவிட்டுக் குடித்தார்கள். ஒரு மடக்குக்கும் அடுத்த மடக்குக்கும் நடுவில் நெடுநேரம் ஆயிற்று. நான்கு அவுன்ஸ் குடித்தார்கள், இரண்டு மிச்சம். அதை அப்படியே எழுதினேன்.

மாமி பிழைத்து, ஒரு மாதம் கழித்து ஜட்காவில் ஸ்ரீரங்கம் போனார்கள். ஞானம் சொன்னாள்; நான் பார்க்கவில்லை. அதற்குள் என்னை வார்டிலிருந்து எடுத்துத் துணி அறைக்குப் போட்டிருந்தார்கள். ஒரு வருஷம் அங்கே. அது பயிற்சியில் சேராது. அது முடிந்த பிறகு மூன்றாம் வருஷம் மறுபடி முதலிலிருந்து. துரத்திவிடாததே பெரிய தயவு என்று எல்லோரும் சொன்னார்கள். தயவுதான். காலையிலிருந்து படுக்கை விரிப்புகளை மடிக்கிறேன். ஓரத்தோடு ஓரம் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து மடிக்கிறேன்.

தை பிறந்தது. என்னிடம் சர்டிபிகேட் இல்லை. பெரியப்பாவுக்கு மதுரையில் நல்ல தறி வேலை கிடைத்திருந்தது. பெரியம்மா சொன்ன வார்த்தையை நான் அவர்களுக்கு ஞாபகப்படுத்தவில்லை, அவர்களும் எனக்கு ஞாபகப்படுத்தவில்லை. இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது. நான் அந்தக் கோட்டை இழுத்தது சரியா என்று நீ கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மறுபடி அதே காலை வந்தால் அதையேதான் செய்வேன், அவ்வளவுதான் தெரியும். உனக்கு நான் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. நீயும் என்னைப் போலக் கூச்சக்காரியாக இருந்தால் இரு. பேச வராவிட்டால் எழுது. ஆனால் பார்க்காததைப் பார்த்தேன் என்று யாரிடமும் சொல்லாதே. உன்மேல் பிரியமாக இருக்கிறவர்களிடம் சொல்லவே சொல்லாதே.

நேற்று அரை நாள் லீவு கொடுத்தார்கள். உறையூருக்கு வந்தேன். தறியைப் பிரித்துக் கட்டியிருந்தார்கள். கூடத்தில் குழி மட்டும் திறந்து கிடந்தது. உனக்குப் புதுப் பாவாடை. என்னைப் பார்த்துப் பெரியம்மாவின் முந்தானைக்குள் போய்விட்டாய். ரயிலுக்கு முன்னால் உனக்குப் பால் கொடுக்க வேண்டும் என்று பெரியம்மா டம்ளரை ஆற்றிக்கொண்டு வந்தார்கள். கொஞ்சம் நின்றார்கள். பிறகு என் கையில் கொடுத்தார்கள்.

நீ இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு குடிக்க ஆரம்பித்தாய்.

"அந்தப் பக்கம் திரும்பிக்கம்மா" என்றார்கள் பெரியம்மா, மெதுவாகத்தான். "புள்ளை குடிக்கிறப்ப இப்படிப் பார்க்கப்படாது. பெத்தவ கண்ணு பொல்லாதது."

நான் திரும்பவில்லை. உன் முன்னால் தரையில் உட்கார்ந்து, கடைசி மடக்கு உன் தொண்டையில் இறங்கும்வரை பார்த்தேன். பிறகு டம்ளரை வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.